கூச்சமும் சிரிப்பும்

சென்ற கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் நிகழ்ந்தது இது. மயிலாப்பூர்க் கச்சேரி சாலையை ஒட்டிய சந்தில் உள்ள எங்கள் சிறிய இல்லம் உறவினர்களால் நிறைந்திருந்தது. சாந்தோம் ஆலயத்தில் காலைத் திருப்பலி கண்டு திரும்பியவர்கள் கூடத்தில் அமர்ந்து உரையாடிக்கொண்டிருந்தனர். உறவினர் ஒருவர் என் ஐந்து வயதுப் பேரனை மடியிற் கிடத்தி, விலாவில் கிச்சுக்கிச்சு மூட்டினார். பிள்ளை கலகலவென்று சிரித்தான். அது கண்டு நாங்களும் சிரித்தோம். சற்று நேரத்தில், "போதும் தாத்தா, போதும்" என்றான். அவர் விடவில்லை, அவன் சிரிப்பும் நிற்கவில்லை. திடீரென்று அச்சிரிப்பு விம்மலாக மாறிற்று. திமிறிக்கொண்டு ஓடிவந்து என் சேலைத் தலைப்பில் முகம் புதைத்தான்.

"இவ்வளவு நேரம் சிரித்தானே, இப்போது எதற்கு அழுகை?" என்று அவர் திகைத்தார். அவர் பொல்லாதவர் அல்லர். பிள்ளைகளிடம் பேரன்பு உடையவர். சிரிப்பைக் கண்டார், மகிழ்ச்சி என்று எண்ணினார். நாமும் அப்படித்தானே எண்ணுகிறோம்?

அன்றிரவு என்னருகே படுத்திருந்த பேரன் மெல்லக் கேட்டான்: "எனக்குப் பிடிக்கவே இல்லை பாட்டி. ஆனாலும் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. ஏன்?"

என்னால் விடை கூற இயலவில்லை. ஏனெனில், அறுபது ஆண்டுகளுக்கு முன் அதே கேள்வியை நானும் கேட்டிருந்தேன். எங்கள் வீட்டுக்கு வரும் பெரியவர் ஒருவர், மூச்சுத் திணறும்வரை எனக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுவார். முறையிட்டபோது, "நீயும் சிரிக்கத்தானே செய்தாய்?" என்று வீட்டார் கேட்டனர். என் சிரிப்பே எனக்கு எதிர்ச்சாட்சி ஆயிற்று. அதன்பின் அவர் குரல் வாசலில் கேட்டாலே கதவின் பின்னே ஒளிந்துகொள்வேன்.

ஆகவே இம்முறை விடை தேடினேன். மருத்துவம் பயிலும் மூத்த பேத்தி சில நூல்களைப் படித்து எனக்கு விளக்கினாள்.

முதலில் எனக்கு உதவியது நம் தமிழே. கிச்சுக்கிச்சு மூட்டினால் உண்டாகும் உணர்ச்சியைக் 'கூச்சம்' என்கிறோம். கடும் ஒளியில் கண் கூசுகிறது. புளிப்புப் பட்டால் பல் கூசுகிறது. அயலார் முன் வர நாணும் பிள்ளை கூச்சப்படுகிறது. இவை அனைத்திலும் உள்ளது சுருங்கிப் பின்வாங்கும் இயல்பே. மகிழ்ச்சி என்னும் பொருள் அச்சொல்லில் இல்லை.

ஆய்வும் இதற்கு அரண் செய்கிறது. 1997-இல் கலிபோர்னியாவில் கிறிஸ்டின் ஹாரிஸ் என்பவரும் உடனாய்வாளரும் சிலருக்கு நகைச்சுவைக் காட்சிகளைக் காட்டிச் சிரிக்கவைத்து, பின்னர் கிச்சுக்கிச்சு மூட்டினர். அவர்கள் மற்றவர்களைவிட மிகுதியாகச் சிரிக்கவில்லை. நகைச்சுவை தரும் சிரிப்பு வேறு, கூச்சம் தரும் சிரிப்பு வேறு என்றே இதனால் கருத வேண்டியிருக்கிறது.

தனக்குத்தானே கிச்சுக்கிச்சு மூட்டிச் சிரிக்கப் பெரும்பாலோரால் இயலாது. 1998-இல் லண்டனில் சாரா ஜேன் பிளேக்மோர் குழுவினர் மூளையைப் படமெடுத்து ஆராய்ந்தனர். நம் கை அசையும்போது அதனால் விளையப்போகும் உணர்ச்சியைச் சிறுமூளை முன்கூட்டியே கணித்துத் தணித்துவிடுகிறது என்று கண்டனர். பிறர் கையை அவ்வாறு கணிக்க இயலாது. எனவே கூச்சத்தின் உயிர்நாடி எதிர்பாராமைதான்.

எதிர்பாராதது அச்சத்தையன்றோ தரவேண்டும்? சிரிப்பு எங்கிருந்து வருகிறது? இதற்கு விளக்கம் கூறியவர் நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவில் புகழ்பெற்ற நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன். ஆபத்து என்று எண்ணியது ஆபத்தன்று எனத் தெளிந்ததும், 'அஞ்ச வேண்டா' என்று சுற்றத்தாருக்கு அறிவிக்கும் ஒலியே சிரிப்பாகத் தோன்றியிருக்கலாம் என்பது 1998-இல் வெளிவந்த நூலில் அவர் முன்வைத்த கருத்து. கிச்சுக்கிச்சு விளையாட்டில் ஒரு கை அச்சுறுத்துவதுபோல நெருங்குகிறது. பின் துன்பம் செய்யாமல் மெல்லத் தொடுகிறது.

இதைக் கேட்டதும் என் தாயார் நினைவுக்கு வந்தார். என் உள்ளங்கையைச் சட்டியாகக் கொண்டு பருப்புக் கடைவார். விரல்தோறும் ஒவ்வோர் உறவுக்குச் சோறு பங்கிடுவார். பிறகு அவருடைய இரு விரல்கள் நண்டாகி, நரியாகி, என் கைவழியே அக்குளை நோக்கி ஊரும். நண்டு கடிக்குமோ என்னும் நடுக்கம் ஒருபுறம். அது அம்மாவின் கைதான் என்னும் உறுதி மறுபுறம். அந்த உறுதி இருந்ததால்தான் அச்சம் சிரிப்பாயிற்று.

அந்நியர் ஒருவர் கிச்சுக்கிச்சு மூட்டினால் சிறு பிள்ளை அஞ்சி அலறும் என்று 1872-இலேயே டார்வின் எழுதினார். 2016-இல் பெர்லின் ஆய்வாளர் இருவர் எலிகளிடத்தும் இதைக் கண்டனர். கிச்சுக்கிச்சு மூட்டினால் நம் செவிக்கு எட்டாத நுண்ணொலி எழுப்பும் எலிகள், உயரமான மேடையில் கூரிய ஒளியின் கீழ் அச்சத்துடன் நின்றபோது அவ்வொலியைப் பெரிதும் குறைத்துக்கொண்டன.

மனிதக் குழந்தையின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. அச்சமும் வெறுப்பும் வந்த பின்னும் அதன் உடல் சிரித்துக்கொண்டேயிருக்கக் கூடும். ஆகையால் பெற்றோரே, கிச்சுக்கிச்சு மூட்டுகையில் பிள்ளையின் சிரிப்பை நம்பாதீர்கள். அதன் சொல்லை நம்புங்கள். 'போதும்' என்றால் போதும்தான். தன் உடலைப் பற்றித் தான் சொல்லும் சொல்லுக்கு மதிப்புண்டு என்பதைப் பிள்ளை முதலில் கற்கும் இடம் நம் மடியே.

மறுநாள் பேரனிடம் கூறினேன்: "உனக்குப் பிடிக்காததால் சிரிப்பு வராமல் இருக்காது, கண்ணா. சிரித்ததால் உனக்குப் பிடித்தது என்றும் ஆகாது." பின்னர் நண்டு விளையாடினோம். முழங்கையருகே வந்ததும், "போதும்" என்றான். நண்டு நின்றது. என்னை உற்றுப் பார்த்தான். உண்மையாகவே நின்றுவிட்டதா என்று சோதித்தான் போலும். பிறகு தானே கையை நீட்டி, "இப்போது வரலாம் பாட்டி" என்றான்.

பொங்கலன்று அந்த உறவினர் மீண்டும் வந்தார். நடந்ததை அவரிடம் பக்குவமாகச் சொல்லியிருந்தேன். அவர் பேரன்முன் குனிந்து, "நண்டு வரலாமா, ஐயா?" என்று கேட்டார். பிள்ளை சிறிது யோசித்தான். "மூன்று தடவை மட்டும், தாத்தா" என்றான். மூன்றாவது தடவையோடு அவர் கை நின்றது. அவன் சிரிப்புடன் அவர் மடியிலேயே உட்கார்ந்திருந்தான்.