எங்கள் வேலிச் செம்பருத்தி

காலையில் விரிந்து மாலையில் வாடும் மலர் செம்பருத்தி. எனினும், மறுநாள் விடியும்போது வேறொரு மொட்டு மலர்ந்து நிற்கும். மலாய் மொழியில் 'புங்கா ராயா' எனப்படும் இம்மலர், 1960ஆம் ஆண்டில் நம் தேசிய மலராயிற்று. இதன் ஐந்து இதழ்கள், 1970ஆம் ஆண்டில் அறிவிக்கப்பெற்ற தேசியக் கோட்பாட்டின் ஐந்து நெறிகளைக் குறிப்பன என்று கற்கிறோம்.

எங்கள் தோட்டத்து லயங்களின் முன்னே செம்பருத்தியே வேலியாக நின்றது. பாட்டிமார் விடியலிலே பூப்பறித்து மாரியம்மனுக்குச் சாத்துவர். லயங்களை இடிக்கப்போகின்றனர் என்ற செய்தி வந்ததும், பெரியோர் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டினர். நாங்களோ அவ்வேலியை எண்ணிக் கவலையுற்றோம். இச்செடி விதை தருவது அரிது. ஒருவர் கிளையை வெட்டி நட்டால்தான் அது வாழும்.

ஆசிரியை வழிகாட்ட, பென்சில் பருமனுள்ள கிளைகளை ஒரு சாண் நீளத்திற்குக் கணுவின் கீழே சாய்வாக வெட்டினோம். அடியிலைகளைக் களைந்தோம். பழைய பால்மாவு டின்களில் துளையிட்டு, மணல் கலந்த மண்ணை நிரப்பி, நாற்பது கிளைகளை ஊன்றினோம். நிழலில் வைத்து ஈரம் காத்தோம்.

சில வாரங்களில் துளிர் கண்டது. வேர் பிடித்துவிட்டதா என்று பார்க்கும் ஆவலில் சிலவற்றைப் பிடுங்கினோம். அவை யாவும் பட்டுப்போயின. கிளையில் சேர்ந்துள்ள உணவைக் கொண்டே துளிர் வந்துவிடும். வேர் பிடிக்க இன்னும் நாளாகும் என்பதை அன்று அறிந்தோம்.

எஞ்சியவற்றை இரண்டு மாதங்களுக்குப்பின் பள்ளி வேலியோரம் வெயில் படும் இடத்தில் நட்டோம். நீர் தேங்கினால் வேர் அழுகும் ஆதலால் மண்ணை மேடாக்கினோம். பள்ளி விடுமுறை முடிந்து வந்து பார்த்தபோது, தண்டெங்கும் வெண்பஞ்சு போல் மாவுப்பூச்சி அப்பியிருந்தது. எறும்புகள் ஏறி இறங்கின. பூச்சி மிகுந்த கிளைகளை வெட்டி அகற்றி, மற்றவற்றைச் சவர்க்கார நீரால் கழுவினோம். மொட்டையாய் நின்ற செடிகளைக் கண்டு மனம் நொந்தோம். ஆனால், செம்பருத்தி புதுத்தளிரிலேதான் பூக்கும். வெட்டிய இடங்களின் அருகே தளிர்கள் கிளைத்து மொட்டுவிட்டன.

முதற்பூக்கள் மலர்ந்த நாட்களில், பேரனை அழைத்துவந்த பாட்டி ஒருவர் வேலியருகே நின்றுவிட்டார். "இது நம்ம வாசப் பூவாச்சே!" என்று இதழைத் தொட்டுப் பார்த்தார். அவர் இப்போது அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறார். டின் ஒன்றில் ஒரு கிளையை ஊன்றிக் கொடுத்தோம்.

"பிடுங்கிப் பார்க்காதீர்கள், பாட்டி" என்றோம்.

"நான் வளர்க்காத செடியா, கண்ணு!" என்று சிரித்தார்.

லயங்கள் இன்று இல்லை. அவற்றின் வேலி எங்களிடம் இருக்கிறது. பெற்றோர்களே, தோட்டத்துப் பெரியோர்களே, வேண்டுவோர் வருக! ஆளுக்கொரு கிளை தருகிறோம்.