எங்கள் பால்

எங்களில் ஒருத்திக்குப் பால் அதிகம். யாருக்கு என்று பெயர் சொல்லப் போவதில்லை. வ. புதுப்பட்டியில், எங்கள் காலனியில் மாலை நேரப் படிப்பகம் நடத்துகிற பெண்கள் நாங்கள் நான்கு பேர். வலி ஒருத்தியுடையதுதான் என்றாலும் அந்த நான்கு மாதமும் நான்கு பேரும் சேர்ந்தே ஓடினோம். அதனால் ‘நாங்கள்’ என்றே எழுதுகிறோம்.

பிள்ளை பிறந்தது 2024 தை மாதம். பால் இல்லை என்று அழுகிறவளுக்கு ஊரில் ஆயிரம் வைத்தியம் உண்டு. பூண்டு, சுறாப்புட்டு, முருங்கைக்கீரை. பால் கூடிப்போனவள் வாயைத் திறந்தால் மட்டும், “கொடுத்து வச்சவ, வெளிய சொல்லாத, கண்ணு பட்டுரும்” என்பார்கள். கொடுத்து வைத்தவளின் நிலைமை இதுதான். ஐந்தாம் நாளே மார்பு கல்லாகிவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜாக்கெட் நனைந்தது. பிள்ளை வாய் வைத்ததும் பால் பீறிட்டு அடிக்கும். புரையேறி இருமும், முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். பச்சையாக, நுரையாகக் கழியும். வயிறு உப்பி இரவெல்லாம் அழுகை. “பிள்ளைக்குப் பால் பத்தல, பவுடர் பால் குடு” என்றார் பக்கத்து வீட்டு அக்கா. நல்ல மனசுதான், ஆனால் விஷயம் நேர் எதிர்.

நாங்களும் ஒரு தப்புச் செய்தோம். வலிக்கிறதே என்று ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை மார்பு காலியாகும்வரை பீய்ச்சினோம். மறுநாள் இன்னும் கூடியது. கிராம சுகாதார செவிலியர் வந்து பார்த்து, “நீங்களே ஊற வச்சுட்டு ஏன்மா அழுறீங்க?” என்று சிரித்தார். முதல் சில வாரம் ஹார்மோன் வேகத்தில் பால் ஊறும். அதற்குப் பிறகு எவ்வளவு வெளியே போகிறதோ அவ்வளவு ஊறும். கொஞ்சம் தேங்கி நின்றால்தான் ‘போதும்’ என்பது உடம்புக்குப் புரியும். கிணறு இறைக்க இறைக்க ஊறுகிற கதைதான்.

அவர் சொன்னபடி, வலி தணிகிற அளவுக்கு மட்டும் பீய்ச்சினோம். பின்னால் சாய்ந்து படுத்து, பிள்ளையை நெஞ்சின் மேல் போட்டுப் பால் கொடுத்தோம். மேல்நோக்கி வரும்போது பாலின் வேகம் குறைகிறது, புரையேறுவதும் குறைந்தது. வெந்நீர் ஒத்தடமும் அழுத்தித் தேய்ப்பதும் வேண்டாம், ஈரத்துணியோ ஐஸோ வையுங்கள் என்றார். 2022-இல் தாய்ப்பால் மருத்துவர்கள் புதுப்பித்த வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. அது தெரியாமல் எங்கள் தெருவில் எத்தனை பேர் மார்பைப் பிசைந்து பிசைந்து புண்ணாக்கிக்கொண்டார்களோ! ஒரு மாதம் கழிந்த பிறகும் குறையாததால், மூன்று மணி நேரத்துக்கு ஒரே பக்கம், அடுத்த மூன்று மணி நேரத்துக்கு மறுபக்கம் என்று கொடுத்துப் பார்த்தோம். இதைச் செவிலியர் கண்பார்வையில்தான் செய்ய வேண்டும், ஒரேயடியாகக் குறைந்துவிடவும் கூடும். நடுவில் ஒருநாள் மார்பு சிவந்து காய்ச்சல் அடித்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாத்திரை கொடுத்தார்கள், பால் கொடுப்பதை நிறுத்தாதே என்றும் சொன்னார்கள்.

இதற்கிடையில் ஒரு உறவுக்காரர் மல்லிகைப்பூவோடு வந்தார். மார்பில் பூவைச் சரமாகக் கட்டினால் பால் வற்றும் என்பது தெற்கே எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். வெறும் பேச்சில்லை. வேலூர் சி.எம்.சி.யில் இதைப் பால் நிறுத்தும் மாத்திரையோடு ஒப்பிட்டு ஆராய்ந்து 1988-இல் கட்டுரையே வெளியிட்டிருக்கிறார்கள், பூவும் வேலை செய்தது. ஆனால் அப்பத்தா அந்தப் பூவைக் கையில் வாங்கவே இல்லை. “அது பிள்ள செத்தவளுக்குக் கட்டுறது. என் பேத்திக்கு எதுக்குடி?” என்றார். தன் இரண்டாவது பிள்ளை போனபோது அவருக்குக் கட்டியிருக்கிறார்கள்.

அன்று ராத்திரிதான் அவர் மற்றதையும் சொன்னார். பூ கட்டியும் பால் நிற்கவில்லை. அவர் வயல்வேலைக்குப் போன பண்ணை வீட்டில் அதே சமயம் ஒரு குழந்தை பிறந்து, தாய்க்குப் பால் இல்லை. கொல்லைப்புற வாசலில் உட்கார வைத்து ஆறு மாதம் பால் கொடுக்க வைத்தார்கள். கொடுப்பதற்கு முன்னால் மார்பைக் கழுவ வேண்டும். கொடுத்து முடித்ததும் பிள்ளையைக் குளிப்பாட்டுவார்கள். அவருக்குக் கஞ்சி கொட்டாங்கச்சியில். “வயித்துக்குள்ள போன பாலை என்ன செஞ்சாங்களோ” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

தோழர்களே, தீண்டாமை எதைத் தீண்டும், எதைத் தீண்டாது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடத்திய ஆய்வு 2006-இல் புத்தகமாக வந்தது. தலித் வீட்டு மாட்டின் பாலைப் பால் சங்கத்தில் வாங்காத ஊர்கள் அதில் பதிவாகியிருக்கின்றன. நம் வீட்டு மாட்டின் பாலுக்கு ஒட்டுகிற தீட்டு, தன் பிள்ளை பசியில் அழும்போது அப்பத்தாவின் பாலுக்கு ஒட்டவில்லை.

பீய்ச்சிய பாலை என்ன செய்வது? “கால் படாத இடத்துல, செடி மூட்டுல ஊத்து” என்றார் அத்தை. கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினோம். ஒவ்வொரு தடவையும் மனசு கேட்கவில்லை. 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தாய்ப்பால் வங்கி தொடங்கினார், ஆசியாவிலேயே அதுதான் முதல். தமிழ்நாட்டில் 2015-இல் மதுரை உட்பட ஏழு அரசு மருத்துவமனைகளில் தொடங்கினார்கள். கொடுக்கிற தாயின் இரத்தத்தைச் சோதிப்பார்கள். பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, உறைய வைத்து, குறைமாதக் குழந்தைகளுக்குப் பாலாடையிலோ குழாயிலோ கொடுப்பார்கள். பாட்டிலில் சாதி எழுதுவதில்லை. எங்களுக்கு அது பெரிய விஷயம்.

ஆனால் மதுரைக்கு எப்படிப் போவது? கிருஷ்ணன்கோவில் வந்து பஸ் மாற வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பீய்ச்சிய பால் வெளியே நான்கு மணி நேரம் தாங்கும் என்கிறார்கள், நம் ஊர் வெயிலில் அதையும் நம்ப முடியாது. பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கிறது. பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். மாட்டுப் பாலுக்குக் காலையும் மாலையும் வண்டி வருகிறது, குளிரூட்டும் நிலையம் இருக்கிறது, கொழுப்பு அளக்கக் கருவி இருக்கிறது. தாய்ப்பாலை வாங்கிவைக்க அரசு ஆஸ்பத்திரியில் ஒரு ஃப்ரீசரும் வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு வண்டியும் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம்.

விலை கேட்கவில்லை, அதில் தெளிவாக இருக்கிறோம். தாய்ப்பாலை வியாபாரம் செய்யக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 மே மாதம் அறிவித்தது. அடுத்த சில நாளில் சென்னை மாதவரத்தில் பாட்டிலில் விற்ற கடைக்குச் சீல் வைத்தார்கள். விற்கலாம் என்று ஆகிவிட்டால் யார் வீட்டுப் பிள்ளையின் பால் முதலில் பாட்டிலுக்குப் போகும் என்பது அப்பத்தாவுக்குத் தெரியும்.

நான்காம் மாதம் மில் வேலைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. காண்ட்ராக்ட் வேலை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் பணம் பிள்ளை பிறப்பதற்கு முன்பிருந்தே தவணையாக வந்து, வந்த வேகத்தில் கடனுக்குப் போய்விட்டது. எட்டு மணி நேர ஷிப்டில் பால் கட்டிக்கொண்டு, கழிப்பறையில் நின்று சாக்கடையில் பீய்ச்சினோம். வீட்டில் அவ்வளவு பாடுபட்டு ஒழுங்குக்குக் கொண்டுவந்தது ஒரே வாரத்தில் குலைந்து, மறுபடி காய்ச்சல்.

அப்போது நடப்பிலிருந்த 1961-ஆம் வருட மகப்பேறு பயன் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக, பால் கொடுக்க தினமும் இரண்டு இடைவேளை தரச் சொன்னது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று அதன் 2017 திருத்தம் சொன்னது. தினக்கூலிப் பெண்களுக்கும் இந்தச் சட்டம் உண்டு என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மூன்றையும் படிப்பகத்தில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். வேன் வரும் நேரத்தில் அதே மில்லுக்குப் போகும் ஏழு பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள், இரண்டு பேர் பக்கத்துத் தெரு, வேறு சாதி. சூபர்வைசர் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பதில் இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை மறுபடி கேட்கப் போகிறோம்.