சைரனை நிறுத்தியவர்

2018 ஏப்ரல் 23, மதியம் ஒன்றரை மணி வாக்கில், ரொறன்ரோவில் யங் வீதி நடைபாதையில் ஏறிக் கண்ணில் பட்டவர்களையெல்லாம் மோதித் தள்ளிக்கொண்டு ஃபின்ச் சந்தியிலிருந்து வந்த வாடகை வான், ஷெப்பர்ட் சந்தியைத் தாண்டி நின்றது. வெள்ளை வான். கொழும்பில் இருந்து வந்த எங்கள் ஆட்களுக்கு, ஆள் கடத்தல்களை நினைத்து வயிறு கலங்க அந்த இரண்டு சொற்களே போதும். அன்று 10 பேர் செத்துப்போனார்கள். 16 பேர் காயப்பட்டார்கள், அவர்களில் ஒருவர் மூன்று வருடம் கழித்து இறந்தார். ஓட்டிவந்தவனின் பெயரை நீதிபதி ஆன் மொலோய் தன் தீர்ப்பில் எழுதவில்லை. பேர் வாங்குவதுதானே அவனுக்கு வேண்டியிருந்தது என்பது அவர் வாதம். எனக்கும் அது சரியாகவே படுகிறது.

அவன் முன்னால் தனியாகப் போய் நின்றவர் கென் லாம் என்ற பொலிஸ்காரர். அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் இந்த நகரத்தில் குறைவு. அவன் கையில் கறுப்பாக ஏதோ இருக்கிறது. இடுப்பிலிருந்து உருவுவதுபோல உருவி அவரை நோக்கி நீட்டுகிறான். என்னைச் சுடு, தலையில் சுடு என்று கத்துகிறான். லாம் துப்பாக்கியை நீட்டியபடி, கீழே படு என்கிறார். சட்டைப்பையில் துப்பாக்கி இருக்கிறது என்கிறான். இருந்தாலும் பரவாயில்லை, படு என்கிறார். நடுவில் தன் காருக்குப் போய்ச் சைரனை நிறுத்துகிறார். பிறகு துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டுத் தடியை எடுத்துக்கொண்டு நெருங்குகிறார். அவன் கையில் இருப்பது துப்பாக்கி அல்ல என்று அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. அவன் படுத்துவிடுகிறான். ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை.

தடியோடு நெருங்கியதைத்தான் எல்லோரும் வீரம் என்றார்கள். நான் நின்றுபோவது சைரனில். ஆபத்தில் ரத்தம் ஏறும்போது காது அடைக்கும், பார்வை குறுகும், எதிரே இருப்பவனின் கையைத் தவிர வேறெதுவும் தெரியாது. அந்த நேரத்தில் ஒரு மனிதருக்கு, இங்கே சத்தம் அதிகம், நான் சொல்வது அவனுக்குக் கேட்காது என்று தோன்றியிருக்கிறது. நிதானம் என்றால் மனசுக்குள் ஏதோ அசையாத குளம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். லாமுக்கு உள்ளே நெஞ்சு எப்படி அடித்தது என்பதை யார் கண்டார்கள்? கை மட்டும் போய் ஒரு சுவிட்சை அணைத்தது.

துப்பாக்கி வைத்திருப்பவரின் நிதானம் எவ்வளவு பெரிது என்பது யாழ்ப்பாணத்துச் செக்பொயின்ற்களில் வளர்ந்தவர்களுக்குப் புரியும். கோபக்கார ஆமிக்காரனைவிடப் பயந்த ஆமிக்காரனுக்குத்தான் நாங்கள் அதிகம் பயந்தோம். கோபக்காரன் அடிப்பான், ஏசுவான், அனுப்பிவிடுவான். பயந்தவனின் விரல் எந்தச் சத்தத்துக்கு இழுபடும் என்று அவனுக்கே தெரியாது. அடையாள அட்டையை எடுக்கச் சட்டைப்பைக்குள் கை விடுவதைக்கூட மெதுவாகச் செய்யச் சொல்லித் தந்தவர்கள் அம்மாமார். அங்கே பதறாமல் இருக்கவேண்டிய வேலை துவக்கு இல்லாதவர் தலையில்தான் விழுந்தது.

இதே ரொறன்ரோ பொலிஸில் ஐந்து வருடங்களுக்கு முன், 2013 ஜூலை 27, நள்ளிரவு தாண்டிய கையோடு, வேறொன்றும் நடந்தது. டண்டாஸ் வீதி ஸ்ரீட்கார் ஒன்றில் சமி யாற்றிம் என்ற 18 வயதுப் பையன் சிறு கத்தியோடு நின்றான். பயணிகள் இறங்கி ஓடிவிட்டார்கள். ஜேம்ஸ் ஃபோர்சில்லோ என்ற பொலிஸ்காரர் வந்து ஒரு நிமிடம் ஆவதற்குள் சுட்டார். முதலில் மூன்று குண்டு, சில விநாடி கழித்து மேலும் ஆறு. உயிரைப் பறித்தது முதல் தடவை சுட்டது. ஆனால் ஜூரிகள் 2016இல் அவரைக் குற்றவாளியாகக் கண்டது பின்னால் சுட்ட ஆறுக்குத்தான், அதுவும் கொலை முயற்சி என்று. சட்டத்தின் கணக்கு சட்டத்துக்கு. அந்தச் சாவுக்குப் பிறகு முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபிராங்க் யாக்கோபுச்சி, மனம் குழம்பியவர்களைப் பொலிஸ் எப்படி அணுகவேண்டும் என்று 84 பரிந்துரைகளோடு 2014இல் அறிக்கை கொடுத்தார். லாம் போன்றவர் உருவானதற்கு அந்த அறிக்கையும் காரணம் என்று சிலர் சொல்வதுண்டு. இருக்கலாம். ஆனால் 84 பரிந்துரையையும் அந்தக் கணத்தில் யாரும் மனப்பாடமாக ஒப்பிக்க முடியாது.

சமியின் கதையில் யாரும் அதிகம் பேசாத இன்னொருவர் இருக்கிறார், அந்த ஸ்ரீட்காரின் சாரதி. எல்லோரும் ஓடியபின்னும் அவர் இறங்கவில்லை. கையில் ஆயுதம் எதுவும் கிடையாது. பையன் தகப்பனோடு பேச ஃபோன் கேட்டான், இவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார், பையனும் கொஞ்சம் தணிந்தான் என்று பிறகு கோர்ட்டில் சாட்சி சொன்னார். பொலிஸ் வந்ததும்தான் அவர் இறங்கி ஓடினார். லாமுக்குக் கிடைத்த பாராட்டில் நாலில் ஒரு பங்காவது அவருக்கும் கிடைத்திருக்கலாம்.