கோணல் அலமாரியின் சௌந்தரியம்

பின்நவீனத்துவக் கலையின் மீது எனக்குள்ள அபிமானத்துக்குக் காரணம் யாதென நண்பர்கள் வினவும்போதெல்லாம், 1981-ஆம் ஆண்டில் மிலான் நகரிலே ‘மெம்ஃபிஸ்’ என்னும் குழுவினர் நடத்திய முதல் கண்காட்சியில், கட்டடக் கலைஞர் எத்தோரே சொத்சாஸ் வைத்த ‘கார்ல்டன்’ என்ற புத்தக அலமாரியே என் மனக்கண்முன் வந்து நிற்கிறது.

கைகளை விரித்து நிற்கும் மனித உருவத்தைப் போன்று சாய்ந்த தட்டுகளும், சிவப்பும் மஞ்சளும் பச்சையுமான வர்ணங்களும் கொண்ட அதில் புத்தகங்களை ஒழுங்காக அடுக்குவது சிரமமே. ஆயினும், உபயோகமே ரூபத்தை நிர்ணயிக்க வேண்டும், அலங்காரம் அநாவசியம் என்று நவீனத்துவம் நெடுங்காலம் விதித்திருந்த நியமத்தை எதிர்த்து, வீட்டுச் சாமானுக்கும் ஆனந்தத்தில் பாத்தியதை உண்டு என்று அது வாதாடுகிறது. விலையுயர்ந்த தேக்கையோ பளிங்கையோ நாடாமல், காப்பிக்கடை மேசைகளில் ஒட்டப்படுவதும் நம்மவர் சன்மைக்கா என்று அழைப்பதுமான சாமானிய பிளாஸ்டிக் தகட்டையே சொத்சாஸ் மேற்பரப்பாகக் கொண்டாரே, அந்தச் சமத்துவ உணர்ச்சிதான் என்னை மிகவும் வசீகரித்தது. (1961-இல் அவர் இந்தியாவில் யாத்திரை செய்தவர்; ஆதலால், கோபுர வர்ணங்களில் பழகிய என் கண்ணுக்கு அவர் அந்நியராகத் தோன்றவில்லை.)

எளிய பொருளால் ஆன அவ்வலமாரி எளியவர் வாங்கும் விலையில் வரவில்லை என்பது எனக்கு மெய்யான வருத்தம். இன்று அதன் பிரதியொன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.