புளிச்சோறும் ஐகாரமும்

முப்பத்திரண்டு வருஷம் செஞ்சியைச் சுற்றியுள்ள தொடக்கப்பள்ளிகளில் வாத்தியார் வேலை பார்த்தவன் நான். வருஷத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துப் போவேன். கல்யாண மகாலுக்கு எதிரே வரிசையாக நிற்க வைத்து, "இதையெல்லாம் கட்டியவர் ராஜா தேசிங்கு" என்று கணீரென்று சொல்வேன். நாலாம் வகுப்புப் பிள்ளை வாத்தியாரை மறுத்துப் பேசுமா? தேசிங்கின் பாராசாரிக் குதிரை வெள்ளத்தில் பாய்ந்த கதையை எம்.ஜி.ஆர். படமும் ஊர்ப்பாட்டும் கலந்து அவிழ்த்துவிட்டால், கடைசி வரிசையில் இருப்பவன்கூட வாயைப் பிளந்துகொண்டு கேட்பான். எனக்கு அது போதுமாக இருந்தது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ நம் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. மராட்டியர் கோட்டைகள் என்று பன்னிரண்டைச் சேர்த்தார்கள். அதில் தமிழ்நாட்டுக் கோட்டை இது ஒன்றுதான். ஏழாவது படிக்கும் பேத்தி கேட்டாள்: "தாத்தா, தேசிங்கு மராட்டியரா?" கொஞ்சமும் யோசிக்காமல், "ஆமாம் கண்ணு" என்றேன். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டு போனாள். மறுநாள் சிவப்பு மையில் ஒரு பெரிய வட்டத்தோடு நோட்டு திரும்பி வந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. என் முன்னால் நோட்டை விரித்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள்.

வீட்டு வரி ரசீதில் 'நூலக வரி' என்று ஒரு வரி இருக்கும். 1948இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின் வழியில் வருவது. சுதந்திரத்துக்குப் பிறகு இந்த நாட்டில் முதலில் வந்த நூலகச் சட்டம் அதுதான். நாற்பது வருஷமாக அந்தக் காசைக் கட்டியிருக்கிறேன். நூலகத்துக்கு நான் போனது பேப்பர் படிக்கவும், மின்விசிறிக்குக் கீழே உட்காரவும்தான்.

நோட்டில் விழுந்த அந்தச் சிவப்பு வட்டத்துக்குப் பிறகுதான் புத்தகம் தேடி அங்கே போனேன். நூலகராக இருந்தது ஒரு பெண். என் மகளைவிட வயதில் சின்னவர். செஞ்சி வரலாறு வேண்டும் என்றதும், "ஐயா, நல்ல புத்தகம் ஒண்ணு இருக்கு. நம்ம அலமாரியிலதான் இல்ல. அதனால என்ன, படிக்கலாம்" என்றார். கணினியில் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தைத் திறந்தார். சி.எஸ். சீனிவாசாச்சாரி ஆங்கிலத்தில் எழுதி, 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட செஞ்சி வரலாறு, பழுப்பேறிய தாள்களோடு திரையில் வந்து நின்றது. நான் 'செஞ்சி' என்று தட்டிப் பார்த்திருந்தால் கிடைத்திருக்காது. "வெள்ளைக்காரங்க நம்மூர் பேரைப் பல மாதிரி எழுதி வெச்சிருக்காங்க ஐயா. ஜிஞ்சின்னு தேடணும், செஞ்ஜின்னு தேடணும், ஒவ்வொண்ணுக்கும் வேற வேற புத்தகம் வரும்" என்று சொல்லிக்கொடுத்தார். மவுஸைப் பிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அம்பு ஓரிடத்தில் நிற்காது, எலி மாதிரியே ஓடும். நான் போகும் நேரத்துக்கு அந்த நாற்காலியில் யாரையும் அவர் உட்கார விடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

படிக்கப் படிக்க காது மடல் சுட்டது. தேசிங்கு பந்தேல ராஜபுத்திரர். தந்தை சொரூப்சிங் இறந்த பிறகு ஒரு வருஷம்கூட முழுதாக ஆளவில்லை. 1714இல் ஆற்காட்டு நவாபோடு நடந்த போரில் மாண்டபோது வயது இருபத்திரண்டு. அந்தப் பிள்ளையின் தலையிலா நான் கோட்டை நிற்கும் மூன்று மலையையும் ஏற்றினேன்! 1677இல் சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்ததும், 1689இல் அவர் மகன் ராஜாராம் மொகலாயருக்குத் தப்பி இங்கே வந்து சேர்ந்ததும், ஜுல்பிகர் கான் ஏறக்குறைய எட்டு வருஷம் முற்றுகையிட்டுக் கிடந்து 1698இல் உள்ளே நுழைந்ததும், நான் முப்பத்திரண்டு வருஷம் சொல்லாமல் விட்டவை. என்னிடம் படித்தவர்களில் சிலர் இப்போது தாத்தாக்கள். தங்கள் பேரன்களுக்கு அவர்கள் என்ன சொல்லிக்கொண்டிருப்பார்களோ!

இதைவிடப் பெரிய அடி ஒன்று மிச்சம் இருந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தையும் அந்த அம்மா காட்டிக்கொடுத்திருந்தார். அதிலிருந்து ஒன்றைத் தொட்டு ஒன்றாகத் தேடிக்கொண்டே போனபோது திருநாதர்குன்று வந்தது. சிங்கவரம் பக்கத்துக் குன்று. பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போனால் புளிச்சோற்றுப் பொட்டலத்தை அங்கேதான் பிரிப்போம். நல்ல காற்று வரும். அந்தப் பாறையில் ஒரு கல்வெட்டு இருக்கிறதாம். சந்திரநந்தி என்கிற சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் நீத்த இடம் என்று சொல்கிறதாம். தமிழ் பிராமி வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலத்து எழுத்து. 'ஐம்பத்தேழு' என்பதில் வருகிறதே ஓர் 'ஐ', தமிழ்க் கல்வெட்டுகளில் ஐகாரம் முதன்முதலாகக் காணப்படுவது அதில்தான் என்கிறார்கள் அறிஞர்கள்.

திரையைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆயிரம் பிள்ளைகளுக்காவது கைபிடித்து 'ஐ' எழுதப் பழக்கியிருப்பேன். ஐகாரத்தின் அந்தச் சுழி வராமல் அழுத பிள்ளைகள் உண்டு, அதற்காக அடித்ததும் உண்டு. ஐம்பத்தேழு நாள் பட்டினி கிடந்த ஒருவரின் பாறையில் புளிச்சோற்றை வயிறாரத் தின்று, அந்த எழுத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாய்ந்து கிடந்திருக்கிறேன்.

போன மாதம் பேத்தியோடு திருநாதர்குன்றுக்குப் போனேன். சின்னக் குன்றுதான். என் முழங்காலுக்குத்தான் அது பெரிய மலை. இரண்டு இடத்தில் உட்கார்ந்து ஏறினேன். பாறையில் எழுத்துகள் வெயிலில் மங்கலாகத் தெரிந்தன. அவள் குனிந்து, தொடாமல், விரலை எழுத்துகளுக்கு மேலே நகர்த்திக்கொண்டே போனாள்.

"இதுல எது தாத்தா ஐ?"

நம் அரிச்சுவடி ஐ மாதிரி ஒன்றும் இல்லை. எதையாவது ஒன்றைக் காட்டியிருந்தால் நம்பியிருப்பாள். வாய் வரைக்கும் வந்தும் விட்டது.

"தெரியல கண்ணு" என்றேன். "கீழே போய், நூலகத்துல அந்த அம்மாவைக் கேட்டுத் தேடுவோம்."

அவள் பாறையை நாலு பக்கமும் போனில் படம் எடுத்துக்கொண்டாள். கொண்டுபோயிருந்த புளிச்சோற்றைக் கீழே இறங்கி வேப்பமர நிழலில் வைத்துச் சாப்பிட்டோம்.