உம்மாவின் கேள்வி

உம்மாவின் கன்னத்து உட்புறத்தில் வெள்ளையாய்த் தடித்து, புண்ணாகி, ஆறாமற் போனது 2011இல். கிண்ணியாப் பாலம் 2009இலேயே திறந்திருந்ததால் பாதைக்குக் காத்துக் கிடக்காமல் மஹரகமவுக்கு பஸ் ஏறினோம்.

"ரத்தத்துல படை இருக்கெண்டு புள்ளையளுக்குப் படிச்சுக் குடுக்கிறாயே மகன், என்ட படை எங்க போன?" என்றார்.

வெண்குழியங்களைப் படைவீரர் என்றே தரம் எட்டுக்குப் படிப்பித்தவன் நான். பதில் வரவில்லை.

உம்மா வபாத்தான பிறகுதான் தேடி வாசித்தேன். என்புமச்சையில் பிறக்கும் இக்கலங்கள் முற்றிய பின்பே வெளியே வரவேண்டும். கட்டியோ தான் சுரக்கும் புரதங்களால் மச்சையிடம் ஓயாமல் ஆள் கேட்கிறது. அந்த அவசரத்தில் மைலோயிட் வகைக் கலங்கள் முற்றாமலே குருதிக்குள் இறங்குகின்றன. (தரம் எட்டோடு தோணிக்குப் போய்விடும் என் மாணவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள், பிழை அவர்களிடம் இல்லை.) கட்டியை அடைந்ததும் அதற்கே காவலாகிவிடுகின்றன. ஆர்ஜினேஸ் என்ற நொதியத்தால் ஆர்ஜினைன் என்னும் அமினோ அமிலத்தைத் தீர்த்துவிடுகின்றன. அதில்லாமல் டீ கலங்கள் பெருகா. கொல்ல வந்த படை பட்டினியில் சோர்கிறது. இவற்றுக்கு ஒரு பொதுப்பெயர் முன்மொழியப்பட்டதே 2007இல்தான்.

புகையிலை சேராத வெற்றிலையும் பாக்கும்கூடப் புற்றுநோய் தருமென்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்டிருந்தது. அதற்குப் பிறகும் சந்தையிலிருந்து உம்மாவுக்குப் பாக்கு வாங்கி வந்தவன் நான்.

இப்போது அந்தப் பாடம் வந்தால், வீட்டில் மூத்தம்மாமாரின் வாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்துவரச் சொல்கிறேன். போன தவணை ஒரு பிள்ளை, "வெள்ளையாக் கிடக்கு சேர்" என்றாள். மறுநாளே அவளுடைய வாப்பாவைப் பாடசாலைக்கு அழைத்தேன்.