ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள்

நாசி கண்டார் கடைக்கே நட்சத்திரம் பார்த்துப் போகும் காலம் இது. இடுப்பெலும்பு முறிந்த பெரியம்மாவுக்குக் கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்தில் பராமரிப்பு இல்லம் தேடியபோது நானும் கைப்பேசியைத்தான் முதலில் எடுத்தேன். 4.8 வாங்கிய ஓர் இல்லத்தைப் பற்றி, 'இடம் அழகு, கார் நிறுத்த வசதி' என்று பலர் எழுதியிருந்தார்கள். எழுதியவர்கள் எல்லாம் பார்க்க வந்தவர்கள். படுத்திருப்பவர்கள் கூகுளில் எழுதுவதில்லை.

அரசாங்கமே மதிப்பெண் போட்டால் சரியாகிவிடுமா? அமெரிக்காவில் போட்டார்கள். 1998இல் முதியோர் தாதிமை இல்லங்களின் விவரங்களை இணையத்தில் வெளியிட்டார்கள். 2008 டிசம்பரில் ஐந்து நட்சத்திர முறை வந்தது. அளக்கப்பட்ட சில விஷயங்களில் முன்னேற்றமும் தெரிந்தது. ஆனால் எத்தனை ஊழியர்கள் இருக்கிறார்கள் என்பதைப் பல ஆண்டுகள் இல்லங்களே சொல்லிக்கொண்டன. மாணவனே விடைத்தாளைத் திருத்திய கதைதான்! பிறகு சம்பளப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தபோது, பல இல்லங்களில் சனி, ஞாயிறு ஆட்கள் குறைவது வெளியே வந்தது.

இன்னொன்று என்னைத் தூங்கவிடவில்லை. மறதிநோய் முதியவர்களை அடக்கி வைக்க மனநோய் மாத்திரை கொடுப்பது அங்கே மதிப்பெண்ணைக் குறைக்கும். மனச்சிதைவு நோய் உள்ளவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். உடனே சில இல்லங்களில் மனச்சிதைவு 'நோயாளிகள்' பெருகிவிட்டார்கள். 2023இல் அரசு அதற்கெனத் தணிக்கை தொடங்கி, பொய் எழுதிய இல்லங்களின் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டியதாயிற்று.

நட்சத்திரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒன்றும் தெரியாமல் போவதைவிட அது மேல். ஆனால் எண்ணுவதற்கு மட்டும்தான் இல்லம் கவலைப்படும்.

1993 சட்டப்படி சமூக நலத்துறையில் பதிந்த சான்றிதழைக் காட்டச் சொன்ன பிறகு, இரண்டு இல்லங்களுக்கும் ஞாயிறு பிற்பகலில் சொல்லாமல் போனேன். 4.8 இல்லத்தில் ஒரு பாட்டி மூன்று முறை தண்ணீர் கேட்டார். குவளை கைக்கு எட்டாத மேசையில் இருந்தது. சுவரில் சாயம் உரிந்த மற்ற இல்லத்தில், பணிப்பெண் ஒரு தாத்தாவைப் புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டே, "இவருக்கு இடது பக்கம்தான் தூக்கம் வரும்ணே" என்றார்.

இரவில் எத்தனை பேர் இருப்பீர்கள் என்று கேட்டேன். இரண்டு பேர் என்று பெயர் சொன்னார். பெரியம்மாவை அங்கேதான் சேர்த்தோம்.